பெட்டியைத் தாங்கியவன்

மைக் இன்னும் முன்வரிசையில்தான் இருக்கிறது. அது முடிந்து இரண்டாம் வரிசை, அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்கும் பாய். ஆக, நேரம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் ஜெபவீட்டில் சாட்சி ஞாயிறு. ஆண்டவர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து மைக்கில் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கம்தான் முதலில் தொடங்கும், அது ஆண்கள் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பிரசங்கத்துக்கு நேரமாகிவிடும், கொடுத்து வைத்தவர்கள், மாதாமாதம் தப்பித்துவிடுகிறார்கள். மெர்சியின் அம்மா மகளுக்கு வேலை கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன மாதம் கிடைக்கப் போகிறது என்று அழுதாள், இந்த மாதம் கிடைத்துவிட்டது என்று அழுகிறாள், அழுகை என்னவோ ஒன்றுதான். அவள் முடித்ததும் சாம்சன் கீபோர்டில் ஒரு அழுத்து அழுத்துவார், எல்லாரும் அல்லேலூயா என்போம், மைக் அடுத்த கைக்குப் போகும். வெளியே தூத்துக்குடி வானம் காலையிலேயே இருட்டிக்கொண்டு நிற்கிறது, பெய்யவும் மாட்டேன் என்கிறது, விலகவும் மாட்டேன் என்கிறது. இந்தக் கட்டடம் முன்பு உப்புக் குடோன். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் ஐப்பசி பிறந்தால் சுவர் உப்பைக் கக்கிவிடும், சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கழன்று பாயில் விழும். நான் முந்தானையை இழுத்து இடது பக்கத்தை மூடிக்கொள்கிறேன். ரவிக்கைக்குள் மடித்து வைத்த துணி நகர்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. கறுப்பு ரவிக்கைதான், தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். என் முறை வரும்போது எழுந்து நின்று, ஆண்டவர் என் மார்புக் கட்டியைக் கரைத்துப்போட்டார் என்று மாதாமாதம் சொல்வதை இன்றைக்கும் சொல்ல வேண்டும். கட்டி இங்கேதான் இருக்கிறது, என்னோடு பாயில் உட்கார்ந்து மைக்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

பொய் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. சித்திரைக் கன்வென்ஷனில், பள்ளிக்கூட மைதானத்தில், சென்னையிலிருந்து வந்த ஊழியக்காரர் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினார். “இந்தக் கூட்டத்துல ஒரு சகோதரி. மார்புல, இடது பக்கம், ஒரு கட்டி. கர்த்தர் இப்பவே தொடுறார். மகளே, கையை உயர்த்து” என்றார். அத்தனை பெண்கள் கூடிய இடத்தில் மார்பில் கட்டி உள்ளவள் ஒருத்திதானா இருப்பாள்? ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள் நான், அதைக் கேட்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் அப்போது தோன்றவில்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு அந்த வாரம்தான் ஆகியிருந்தது, சட்டைப் பித்தான் அளவு, ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நான் யாரிடமும் சொல்லாததை அந்த மனிதர் ஊரறியச் சொல்கிறார். கை உயர்ந்தது. இடது பக்கம் முழுக்க ஒரு சூடு பரவியது, தேய்த்து முடித்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வருமே, அந்தச் சூடு. அது நிஜம். யார் வந்து இல்லை என்றாலும் அது நிஜம். மேடைக்குக் கூப்பிட்டு, “இப்ப வலி இருக்காம்மா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன், அதற்கு முன்பும் வலி இருந்ததில்லை. “கட்டி இருக்கா?” என்றார்கள். மைதானம் முழுக்க ஆட்கள் பார்த்திருக்க, தொட்டுப் பார்த்தா பதில் சொல்ல முடியும்? இல்லை என்றேன். அந்த ஒரு சொல். அப்போது மைதான வாசலில் என் வீட்டுக்காரர் ஜெயசிங் வழக்கம்போல் குடித்துவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு, என்னைக் கூட்டிப்போக நின்றிருக்கிறார். ஒலிபெருக்கிக் குழாயில் என் குரலைக் கேட்டிருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூட்டத்துக்குள் புகுந்து வந்து மணலில் முழங்கால் போட்டு, “என் பொண்டாட்டிக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அன்றையிலிருந்து அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. இப்போது ஆண்கள் பக்கம் மூன்றாவது நாற்காலியில், நான் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். என் முறை வரும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து உட்காருவார், திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

மைக் இரண்டாம் வரிசைக்குத் திரும்பிவிட்டது. யாருக்கோ கடன் தீர்ந்தது, யாருக்கோ மருமகள் திருந்தினாள், அல்லேலூயா. கல்யாணமான நாளிலிருந்து நான் காதாலேயே குடும்பம் நடத்தியவள். துறைமுகத்தில் லாரியை விட்டுவிட்டு அவர் பழைய பைக்கில் திரும்பும் சத்தம் உப்பளத்து ரோட்டிலேயே எனக்குக் கேட்டுவிடும். தெருமுனைக்கு வரும்வரை மிஷினை நிறுத்திவிட்டு ஊசி துணியில் குத்தியபடி இருக்கக் காத்திருப்பேன். முனையில் சத்தம் பெருத்தால் வீட்டுக்கு வருகிறார். சிறுத்துக்கொண்டே போனால் கடைக்குப் போகிறார். சிறுத்துப்போகும் சத்தத்தை வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன், அது தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் ஆகும் இடம்வரை கேட்பேன், அதற்கப்புறம் அடுப்பைப் பற்றவைப்பேன். சித்திரைக்குப் பிறகு ஒரு நாள்கூட அது சிறுக்கவில்லை. இதை நான் உடைக்கவா? திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில், “அம்மா, ஒங்க சாட்சி வீடியோவ இங்க எல்லாரும் பாத்துட்டாங்க, எங்க மாமியார் அழுதுட்டாவ” என்றாள். இதை நான் உடைக்கவா? கட்டி வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும் ஆண்டவரே, அவர் குடிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு பேரம் பேசினேன். என் உடம்பை வைத்துக்கொள்ளும், என் புருஷனை விட்டுவிடும். சந்தையில் கருவாட்டுக்குப் பேசுவதுபோல் பேசிவிட்டு, இதற்குப் பெயர்தான் ஒப்புக்கொடுத்தல் என்று நினைத்துக்கொண்டேன், அழுகைகூட வந்தது, என்னைப் பற்றி எனக்கே அப்படி ஒரு மரியாதை. பேரத்துக்கு அவர் சரியென்று சொன்னதாக நானாகவே வைத்துக்கொண்டதுதான்.

இந்தப் பாயில் இருக்கிற அத்தனை பேருக்கும் நான்தான் தைக்கிறேன். யாருக்கு ஒரு தோள் இறக்கம், யாருக்கு முதுகில் தழும்பு, யார் அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு, “கொஞ்சம் தாராளமா வையி லீலா, வெளிய சொல்லாத” என்று கிசுகிசுப்பார்கள், எல்லாம் என் விரலுக்குத் தெரியும். என் சொந்த ரவிக்கைகளைத்தான் ஒவ்வொன்றாக, வீட்டில் ஆளில்லாத மத்தியான வேளைகளில், இடது பக்கம் மட்டும் பிரித்துப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. முதலில் ஒரு நூல் அகலம் தளர்த்தினேன். அப்புறம் அரை விரல். உள்மடிப்பில் விட்டுவைத்திருந்த துணி தீர்ந்ததும் பழைய ரவிக்கைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் புதிதாக இந்தக் கறுப்பை வெட்டினேன். பித்தான் அளவு இருந்த கட்டி நெல்லிக்காய் ஆகிவிட்டது. ஆடியில் ஒருநாள் பாஸ்டரம்மா ரவிக்கை வாங்க வந்தபோது சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். “பாஸ்டரம்மா, அந்தக் கட்டி இன்னும் கொஞ்சம்...” என்றதும் அவர்கள் சட்டென்று உள்ளங்கையால் என் வாயை மூடினார்கள். அதட்டவில்லை, கண்ணில் அன்புதான் இருந்தது, அந்த அன்பைப் பார்த்துத்தான் எனக்குக் குலை நடுங்கியது. “அது சத்துரு பேசுற பேச்சு லீலா. கண்ணால பாக்கிறத பேசாத. விசுவாசத்தப் பேசு. சுகம்னு சொல்லு, சுகமாவும். ஆஸ்பத்திரிப் படி ஏறினேன்னு வையி, கர்த்தர் செஞ்சதக் கையெடுத்துத் தள்ளுறாப்ல ஆயிரும். நாலு பேரு என்ன சொல்லுவான், அவர் நாமம்லா கெட்டுப்போவும்.” அவர்கள் போன பிறகும் அந்தக் கையின் மணம், சந்தன சோப்பு மணம், என் மூக்கடியிலேயே நின்றது. அதற்கப்புறம் நான் பேசவில்லை. காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பேன், இல்லை என்பேன், இருக்கும். இல்லை, இருக்கும். இன்று காலை குளித்துவிட்டு நிற்கும்போது அங்கே தோல், தப்பாக இழுத்துத் தைத்த துணி மாதிரி, உள்ளுக்குள் சுருங்கியிருந்தது. கழற்றிப்போட்ட ரவிக்கையின் உள்துணியில் ஒரு பொட்டு ரத்தம். ஊசி குத்தின ரத்தம் என்று சொல்லிக்கொண்டேன். விரலெல்லாம் பார்த்தேன். ஒரு விரலிலும் காயம் இல்லை.

“என்ன லீலா, இப்படி வேர்க்குது?” பக்கத்தில் வசந்தாக்கா. ஒன்றுமில்லை அக்கா என்கிறேன். அவள் தன் கைக்குட்டையைக் கொடுக்கிறாள். முகத்தைத் துடைக்கிறேன். இரண்டாம் வரிசையில் இன்னும் ரெண்டு பேர்தான். மனது இந்த நேரம் பார்த்து, ஞாயிறு பள்ளியில் கேட்ட அந்தப் பெட்டிக் கதையில் போய் மாட்டிக்கொள்கிறது, காலையிலிருந்தே மாட்டிக்கொண்டு வர மறுக்கிறது. கர்த்தருடைய பெட்டியை, அவரே தங்கியிருப்பதாக நம்பும் பெட்டியை, மாட்டு வண்டியில் ஏற்றி வருகிறார்கள். மாடு இடறுகிறது, பெட்டி சாய்கிறது. ஒருவன் ஓடிப்போய்க் கை நீட்டித் தாங்குகிறான், தொட்ட இடத்திலேயே செத்து விழுகிறான். சின்னப் பிள்ளையில் நான் எழுந்து, “அவன் நல்லதுதான சார் செஞ்சான்?” என்று கேட்டேன். “அதெல்லாம் கேக்கப்பிடாது, உக்காரு” என்றார் வாத்தியார். உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக உட்கார்ந்தேதான் இருக்கிறேன், கேள்வி மட்டும் உட்காரவில்லை. அவன் செய்த தப்பு என்ன? பெட்டி மண்ணில் விழட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? என் கையும் அப்படித்தானே தாங்கிக்கொண்டிருக்கிறது. ஜெபவீட்டின் பேரை, பாஸ்டரம்மாவின் விசுவாசத்தை, மகளின் மாமியார் விட்ட கண்ணீரை, என் வீட்டுக்காரருடைய குடியில்லாத ஆறேழு மாதத்தை, எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டவருடைய மானத்தை. நான் கையை எடுத்தால் அத்தனையும் சரிந்து மண்ணாகும். எடுக்காவிட்டால் நான் சாவேன். சாவு என்ற சொல்லை இப்போதுதான் முதல் தடவையாக நினைக்கிறேன். கரண்ட் ஒரு நொடி போய் வருகிறது, விசிறிகள் தயங்கிச் சுற்றுகின்றன, ஒலிபெருக்கி கரகரக்கிறது. அந்த ஒரு நொடி இருட்டில் பாஸ்டரம்மா மேடையடியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், வெளிச்சம் வந்த பிறகும் அதே சிரிப்பு.

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். வாக்கியம் மனப்பாடம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், சித்திரை மாதக் கூட்டத்தில் என்னைத் தொட்டார், கட்டி கரைந்தது, என் குடும்பத்தைக் கட்டியெழுப்பினார். ஒரு மூச்சில் முடிந்துவிடும். அடுத்த சாட்சி ஞாயிறு வரை ஒரு மாதம். அதற்குள் அவர் தொடமாட்டாரா? தொடலாம். தொடாமலும் இருக்கலாம். தொடாவிட்டால் அதற்கு அடுத்த ஞாயிறு. அதற்கு அடுத்ததில் நான் நிற்க வேண்டியிருக்காது, என்னைப் பெட்டியில் வைத்து இதே வாசல் வழியாகத் தூக்கிப்போவார்கள், நம் சகோதரி சுகமாகிக் கர்த்தரிடம் போனாள் என்று பாஸ்டரம்மா ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள், அதையும் அல்லேலூயா என்பார்கள். சிரிப்பு வருகிறது. ஆராதனையில் சிரிப்பு வந்து தொலைக்கிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். அப்போதுதான், முன்னால் இருப்பவள் மைக்கைத் தோளுக்குப் பின்னால் என்னிடம் நீட்டும்போதுதான், அவன் ஏன் செத்தான் என்று தெரிகிறது. அவன் பெட்டியைத் தாங்கியது குற்றமில்லை. ஆண்டவர் கீழே விழுந்துவிடுவார் என்று நினைத்துவிட்டான். அவ்வளவுதான் விஷயம். விழுகிற சாமி என்று நினைத்துவிட்டான், தான் பிடிக்காவிட்டால் அவருக்கு வேறு ஆளில்லை என்று. ஐயோ. இத்தனை மாதமாக நான் அவரை நம்பவே இல்லை. அவருக்காகப் பயந்துகொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

மைக் கனமாக இருக்கிறது, முந்தினவளின் கை வேர்வையில் ஈரமாக. எழுந்து நிற்கிறேன். நாற்காலிகள் பக்கம் ஒருவர் நிமிர்ந்து உட்காரும் சத்தம். “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்கிறேன். இதுவரை மனப்பாடம். இதற்கு மேல் தரை இல்லை. “கட்டி போகல” என்கிறேன். என் குரல் உப்புச் சுவர்களில் பட்டு என்னிடமே திரும்புகிறது. “இருக்கு. பெருசாயிட்டு. இன்னைக்குக் காலைல ரத்தம் வந்துது. நான் அன்னைக்குப் பொய் சொல்லணும்னு சொல்லல. அன்னைக்கு ஒரு சூடு வந்துது, அது நெசம். கட்டியும் நெசம். எனக்குப் பயமாயிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். கர்த்தர் எப்படி வேணும்னாலும் செய்யட்டும், நான் இனி அவருக்காக ஒண்ணும் மறைக்க மாட்டேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க.” சாம்சன் பழக்கதோஷத்தில் கீபோர்டை அழுத்திவிட்டு, நெருப்பைத் தொட்டவர்போல் கையை எடுத்துக்கொள்கிறார். பாதி ஸ்வரம் அந்தரத்தில் அறுந்து நிற்கிறது. அல்லேலூயா இல்லை. பாஸ்டரம்மா சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள், அப்புறம் பாய்களுக்கு நடுவே என்னை நோக்கி நடந்து வருகிறார்கள், வலது கை லேசாக உயர்ந்திருக்கிறது. வாயை மூடவா, தலையில் வைத்து ஜெபிக்கவா, தெரியவில்லை. நான் நகரவில்லை.

ஆண்கள் பக்கம் ஒரு நாற்காலி கீறிக்கொண்டு பின்னால் போகிறது. மூன்றாவது நாற்காலி. நான் பார்க்கவில்லை, காது பார்க்கிறது. வெறுங்கால்கள் சிமெண்டில் வேகமாக நடந்து வாசலுக்குப் போகின்றன. செருப்பை மாட்டும் சத்தம். வசந்தாக்கா என் சேலை நுனியைப் பிடித்து, “உக்காரு லீலா” என்கிறாள், அவள் குரலில் அழுகை. உட்காரவில்லை. ஒரு உதை. வண்டி எடுக்கவில்லை, என்றைக்கு முதல் உதையில் எடுத்திருக்கிறது. இரண்டாவது உதை. எடுத்துவிட்டது. இது எனக்குத் தெரிந்த சத்தம், என் எலும்புக்குத் தெரியும், இனி என்ன நடக்கும் என்றும் தெரியும். உப்பளத்து ரோடு, தெருமுனை, அங்கிருந்து சிறுக்கும், சிறுத்துச் சிறுத்து ஒன்றுமில்லாமல் போகும். எப்போதும் இந்த இடத்தில் ஆண்டவரின் காலைப் பிடித்துக் கெஞ்சுவேன், இதைத் தருகிறேன் அதைத் தாரும் என்று. இப்போது தருவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. பெட்டியை விட்டாயிற்று, இவரை மட்டும் பிடித்து வைத்திருந்து என்ன செய்ய. சரி ஆண்டவரே. இவரையும் நீர் பார்த்துக்கொள்ளும். நான் கேட்கவில்லை, விட்டுவிட்டேன். நெஞ்சு வெடித்துவிடும் போல் இருக்கிறது, ஆனாலும் மூச்சு உள்ளே போகிறது, அடிவயிறுவரை போகிறது, இப்படி மூச்சுவிட்டு எத்தனை நாளாயிற்று. பாஸ்டரம்மா பாதி வழியில் நின்றுவிட்டார்கள். சபையே வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. வண்டிச் சத்தம் சிறுக்கக் காத்திருக்கிறேன். அது பெருக்கிறது. குடோனைச் சுற்றிக்கொண்டு வந்து பெண்கள் பக்கத்து வாசலில், படியோடு ஒட்டி, ஆஃப் செய்யாமல் நிற்கிறது. அவர் உள்ளே வரவில்லை. பின் சீட்டில் படிந்த உப்புத் தூசியைத் தன் வெள்ளைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருக்கிறார்.